டின் பால் ஊற்றிய ரொட்டி

ரொட்டி என்று யாராவது வாயெடுத்தால் போதும், நீங்கள் எல்லாரும் ஒரே கட்சியாகிவிடுகிறீர்கள். போன மாதம் புக்கிட் ரோத்தான் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோதும் அதேதான் நடந்தது. சுட்ட ரொட்டி மேசைக்கு வந்தது. நம்மில் ஒருவர் ஒரு கடி கடித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு ரொட்டியா? நம்ம தோட்டத்துக்கு சைக்கிள்ல வருவாரே ரொட்டி பாய், அவரு ரொட்டி மாதிரி வருமா லா?" என்றார். உடனே அத்தனை பேரும் தலையாட்டினீர்கள். கறுத்த மேல்தோல், உள்ளே பஞ்சு, தகரப் பெட்டியைத் திறந்ததும் வரும் அந்த வாசனை என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். நான் மட்டும் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். "என்னா, நீ ஒண்ணும் பேசமாட்டேங்குற?" என்று கேட்டீர்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் புகுந்து ஆளுக்கு ஒரு கதை சொல்வீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இந்த மண்ணிலேயே பிறந்து, பல் முளைத்ததும் கோப்பியில் தோய்த்த ரொட்டியைத் தின்று வளர்ந்தவர்கள். நான் ஏழு வயதில் கப்பலில் வந்து இறங்கியவள். உங்களுக்கு அமிர்தமாக இருந்ததை எல்லாம் என்னால் வாயில் வைக்க முடியவில்லை. அதோடு போயிற்றா? அந்த ரொட்டியாலும் டின் பாலாலும் நானும் அம்மாவும் வந்த வழியே திரும்பிப் போயிருப்போம். போயிருந்தால் உங்களோடு உட்கார்ந்து வம்பு பேச இன்று நான் இருந்திருக்க மாட்டேன்.

ஊரில் நானும் அம்மாவும் தாய்மாமன் வீட்டில் இருந்தோம். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே அப்பா மலாயாவுக்கு வந்துவிட்டார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாராம். எனக்கு அவர் முகம் தெரியாது. அந்த ஒரு பயணத்தில் அவர் சொல்லிவிட்டுப் போன கதைகளைத்தான் அம்மா வருசக்கணக்கில் எனக்குச் சொல்லிச் சோறூட்டினாள். அங்கே காலையில் யாரும் பழைய சோறு தின்பதில்லையாம், வெள்ளை வெளேரென்று ரொட்டியாம். அதன் மேல் பால் ஊற்றுவார்களாம், அது தேன் மாதிரி கெட்டியாக இறங்குமாம். மீனில் முள் எடுக்கும் வேலையே இல்லையாம், வேகவைத்து டப்பாவிலேயே அடைத்திருக்குமாம். ஆப்பிள் என்று ஒரு பழமாம், ராசாக்கள் தின்பதாம். நான் கம்பங்கூழைக் குடித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்பேன்.

கப்பல் வந்து சேர்ந்ததும் எங்களை ஊருக்குள் விடவில்லை. யாருக்கோ அம்மை போட்டிருந்தது என்று துறைமுகத்து முகாமில் எல்லாரையும் அடைத்து வைத்துவிட்டார்கள். அங்கே என்ன கிழமை என்பதே மறந்துபோனது. ஒருவழியாக வெளியே விட்டபோது கதவருகே ஒரு மெலிந்த மனிதர் நின்றிருந்தார். நெற்றியில் சாம்பல் சிலுவை. அதைப் பார்த்துத்தான் அன்று சாம்பல் புதன், தபசுக்காலம் பிறந்துவிட்டது என்று அம்மாவுக்கே தெரிந்தது. "இதான்டி அப்பா" என்று என்னை முன்னால் தள்ளினாள். நான் அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குத் தென்னந்தோட்டத்தில் கொப்பரைச் சூளையில் வேலை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு எங்களுக்கு. வீட்டுக்குள் நுழைந்ததுமே சூளைப் புகையும் காய்ந்த தேங்காயும் கலந்த வாடை வந்து முகத்தில் மோதியது. உங்களுக்கு அது வாடையாகவே தெரிந்திருக்காது. அம்மா முந்தானையால் மூக்கை மூடினாள். அப்பா அதைக் கவனிக்காமல், அல்லது கவனித்தும் காட்டிக்கொள்ளாமல், நடுவில் கிடந்த பெட்டியின் மேல் விரித்திருந்த துணியை எடுத்தார். கீழே விருந்து இருந்தது.

கதையில் கேட்டது அத்தனையும் அங்கே இருந்தது. பூப்போட்ட மங்குத் தட்டில் வெட்டி அடுக்கிய ரொட்டி. எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைத்த டின் பால், மூடியில் ஆணியால் குத்திய இரண்டு ஓட்டை. திறந்த மீன் டின். ஒரே ஒரு ஆப்பிள்.

அம்மா ரொட்டியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாருக்குக் காய்ச்சல்?"

சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் ரொட்டி என்பது நோயாளியின் சாப்பாடு. காய்ச்சலில் கிடப்பவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கும் டவுனிலிருந்து வாங்கி வந்து கொடுப்பார்கள். அப்பாவின் கதையில் வந்த ரொட்டி வேறு ஏதோ பெரிய பலகாரம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கடைசியில் பார்த்தால் அதே ரொட்டி. புது வீட்டில் முதல் சாப்பாடே நோயாளிச் சாப்பாடா என்று அம்மாவுக்கு மனசு கலங்கிவிட்டது.

"காய்ச்சலா? இங்க எல்லாரும் தெனம் திங்கிறதுதான். சாப்புடுங்க. பயணம் பண்ணி வந்தவங்களுக்கு இன்னிக்கு ஒருசந்தி நோன்பு கெடையாது" என்றார் அப்பா. டின்னைச் சாய்த்து என் ரொட்டியின் மேல் பாலை ஊற்றினார். அது கெட்டியாகத்தான் இறங்கியது. நான் கடித்தேன். பாயசச் சட்டியின் அடியில் தங்கிய பாகைத் தின்றது போல ஒரு தித்திப்பு. கீழே ரொட்டி ஊறி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அம்மா மீனைக் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டாள். "மீனு ஏங்க இனிக்குது?"

"அது தக்காளிச் சாறு."

"புளி போடமாட்டாங்களா?"

அப்பா ஆப்பிளை வெட்டினார். அது ஈர மாவைப் போல வாயில் உதிர்ந்தது. கப்பல் வருவதாகச் சொன்ன நாளுக்கு வாங்கி, நாங்கள் முகாமில் கிடந்த நாளெல்லாம் காகிதம் சுற்றித் தம் பெட்டிக்குள் வைத்திருந்தாராம். அது எனக்கு மிகப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு ராசாக்களின் மேல்தான் எனக்குப் பரிதாபம் வந்தது.

அப்பா எதிரே குந்தி உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. நீங்க சாப்புடல?"

"எனக்கு ஒருசந்தி. நீங்க சாப்புடுங்க."

நான் கேட்டேன், "தயிர்ச் சோறு இருக்கா?"

அவர் சிரித்தார். "இங்க தயிரு இல்ல பாப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

அப்புறம் தொடங்கியது எங்கள் கஷ்டகாலம். சயாம் அரிசிச் சோறு உதிரியாக நிற்காது, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். நல்லெண்ணெய் கிடையாது, எதைத் தொட்டாலும் தேங்காய் எண்ணெய். வாழைப்பழம் பார்க்கத் தடியாக இருக்கும், உரித்தால் சப்பென்று இருக்கும். முறுக்கு என்று கடையில் வாங்கியதில் நெத்திலிக் கருவாட்டு மணம் வந்தது. கருவாடு நல்ல பொருள்தான், அதற்காக முறுக்கிலுமா?

அம்மா இட்லி சுட்ட கதையை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். தவுக்கே என்று நாம் கூப்பிடும் சீன முதலாளியின் கடையில் பால்வெள்ளையாக ஒரு அரிசியைப் பார்த்துவிட்டாள். குண்டுகுண்டாக, ஒரு நொய் இல்லாமல். இவ்வளவு நல்ல அரிசியை இந்த ஊர்க்காரர்கள் ஏன் வாங்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டு வாங்கி வந்தாள். ஊறப்போட்டு, எதிர்வீட்டுப் பெரியம்மாவின் ஆட்டுக்கல்லை இரவல் வாங்கி அரைத்தாள். ஆட்டும்போதே குழவி நகரமாட்டேன் என்றது. மறுநாள் வேகவைத்துத் திறந்தால் இட்லி இல்லை, பசை. துணியை இழுத்தால் இட்லி துணியோடு நீண்டுகொண்டே வந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அய்யய்யோ தங்கச்சி, இது புலுட் அரிசி லா! மலாய்க்காரவங்க இனிப்பு கிண்டுறது. இத வெச்சு இட்லி சுட்டா நீ சுவத்துல நோட்டீசு ஒட்டலாம்!"

அவர் நல்ல மனசுக்காரர். உடனே தேங்காயைத் துருவிப் போட்டு, வெல்லம் கலந்து, அந்தப் பசையை உருட்டிப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். நீங்கள் தின்றீர்கள், கை நக்கினீர்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் துணியைக் கழுவிக்கொண்டே, "ஒரு இட்லிகூட சுடத் தெரியாதவளாயிட்டேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

நான் தயிர் கேட்டு அடம் பிடித்தபடியே இருந்தேன். சோற்றைத் தட்டில் வைத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். கன்னம் ஒட்டிப்போனது. தோட்டத்தில் புதுத் தென்னங்கன்று நட்டிருந்ததால் மாடு வளர்க்கக் கூடாது என்று துரை உத்தரவு, பசும்பாலுக்கு வழியில்லை. அம்மா ஒருநாள் துணிந்து டின் பாலை வெந்நீரில் கரைத்து, மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு, மூடிவைத்தாள். ஊரில் உறை மோர் இல்லாத வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். விடிந்து திறந்தபோது தண்ணீர் தனியாக, திப்பி தனியாக, புளிப்பும் தித்திப்புமாக ஒரு நாற்றம். எறும்புகள் எங்களுக்கு முன்னால் எழுந்து வந்திருந்தன. அம்மா சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்து அழுதாள். மலாயாவுக்கு வந்த பிறகு அவள் அழுது நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

"வருசம் பூரா தபசுக்காலம்தானா இந்த ஊர்ல?" என்றாள் என்னைப் பார்த்து. எனக்கு என்ன தெரியும்?

தபசுக்காலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நம் கூட்டத்தில் எல்லாரும் வேதக்காரர்கள் இல்லையே. ஈஸ்டருக்கு முந்தின அந்த நாட்களில் கறி சமைக்க மாட்டோம். அது பொது. அதற்கு மேல் ஒவ்வொருவரும் தனக்கு மிகவும் பிடித்த ஒரு பொருளை விட்டுவிட வேண்டும். அதற்கு ஒறுத்தல் என்று பெயர். எதை விட்டோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் பலன் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் கண்டிப்பு. புருசன் பெண்டாட்டிகூடக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். நான் அந்த வருசம் ரொட்டியை விட்டேன். சேசுவை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடிகிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா காலையில் எங்கள் இருவருக்கும் டின் பால் விட்டுக் கோப்பி கலக்குவார். தனக்குக் கறுப்புக் கோப்பி. வேலைக்குக் கொண்டுபோவதும் அதுதான். காலி பால் டின்னின் வாயில் இரண்டு பக்கமும் துளை போட்டு, சணல் கயிறு கட்டி, அதில் கோப்பியை ஊற்றித் தூக்கிப் போவார். அந்தக் கயிறு கட்டிய டின்னை நீங்களும் தூக்கியிருக்கிறீர்கள். இப்போது கேட்டால் எங்கேயும் கிடைக்காது. சாயங்காலம் ரொட்டி பாய் மணி அடித்தால் ரொட்டி வாங்குவார். எங்கள் தட்டில் வைத்துப் பால் ஊற்றித் தருவார். தான் மட்டும் வெறும் ரொட்டியைக் கறுப்புக் கோப்பியில் தோய்த்துத் தின்பார். மீந்த பாலை மூடி, தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைப்பார். ஒரு சொட்டு தன் பக்கம் போகாது.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒறுத்தலாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றாமல் போனதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் அப்பா சுருட்டுப் பிடிப்பாராம். இங்கே வந்து பார்த்தால் சுருட்டைக் காணோம். தபசுக்கு அதைத்தான் விட்டிருக்கிறார் என்று அம்மா தானாக முடிவு கட்டிக்கொண்டாள். அவர் சுருட்டை நிறுத்தி வருசக்கணக்காகிவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? தாலி கட்டியவர்தான், ஆனால் சேர்ந்து இருந்த காலம் எவ்வளவு கொஞ்சம்! இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் கூச்சப்பட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது வெடித்தது. நான் வாசலில் காலி டின்னை உருட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போல எனக்கு ரொட்டியை எடுத்து வைத்தார். நான் தட்டைத் தள்ளிவிட்டேன். அப்பா, "சாப்புடு பாப்பா, ருசியா இருக்கும்" என்றார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ருசியா இருந்தா நீங்க ஏன் தொடமாட்டேங்குறீங்க?"

அப்பா தட்டை மறுபடி என் பக்கம் நகர்த்தினார்.

"வந்த நாள்லேருந்து பாக்குறேன். எங்களுக்கு ஊத்துறீங்க, நீங்க ஒரு சொட்டு தொடல. இது மனுசன் திங்கிற பொருள் இல்லன்னு ஒங்களுக்கே தெரியுது. அப்புறம் என்னாத்துக்கு ஊருக்கு வந்து அவ்ளோ பெரும அடிச்சீங்க? ரொட்டியாம், பாலாம், பழமாம். நானும் நம்பி இந்தப் புள்ளைக்குச் சொல்லிச் சொல்லி வளத்தேன். பொய் சொல்லித்தான் எங்கள வரவழைக்கணுமா?"

பதில் சொல்ல அப்பாவுக்கு ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் ஒறுத்தல் உடைந்துவிடும். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குனிந்த தலை அம்மாவுக்கு ஒப்புதலாகத் தெரிந்தது.

"அடுத்த கப்பல்ல எங்கள அனுப்பிடுங்க. புள்ள எலும்பும் தோலுமா ஆயிட்டா."

"ஈஸ்டர் முடியட்டும்" என்றார் அப்பா.

அவர் கேட்டது அவகாசம். அம்மாவுக்கு அது சம்மதமாகத்தான் கேட்டது. மறுநாள் அப்பா தோட்ட ஆபீசுக்குப் போய், கணக்கு எழுதும் கிராணியிடம் விசாரித்துவிட்டு வந்தார். இப்போது திரும்பிப் போனால் மறுபடி வருவதற்குப் பர்மிட் கிடைப்பது சந்தேகம், சட்டம் இறுகிக்கொண்டு வருகிறது என்று கிராணி சொன்னாராம். அதையும் அப்பா மறைக்காமல் அம்மாவிடம் சொன்னார். "மறுபடி ஏன் வரணும்?" என்றாள் அம்மா. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கப்பல். அப்பா கிள்ளானில் கப்பல் ஆபீசுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் லயம் முழுக்க ஓடி, "நாங்க ஊருக்குப் போறோம்" என்று எல்லாரிடமும் சொன்னேன். எனக்குத் தயிர் கிடைக்கப்போகிறது. அப்பா கூட வரமாட்டார் என்பது என் கணக்கிலேயே இல்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும் என் தலையைத் தடவி, "அப்பாவ விட்டுட்டா போற?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தயிர் பெரிதாக இருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் பலகைக் கோயில் வாசலில் கஞ்சி ஊற்றினார்கள். பெரிய அண்டாவில் வெறும் அரிசிக் கஞ்சி, உப்பு, தொட்டுக்கொள்ள மாங்காய்த் துவையல். துவையலை அம்மா அரைத்திருந்தாள். உபதேசியார் இரண்டாம் முறை துவையல் கேட்டு வாங்கினார். நானும் இரண்டு கிண்ணம் குடித்தேன். இனிப்பே இல்லாத சாப்பாடு அன்றைக்குத்தான் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கெல்லாம் அம்மா ஊற்றிக்கொடுத்தாள், சிரித்துப் பேசினாள். அப்பா தூரத்தில் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை மனசு மாறுமோ என்று நினைத்திருப்பார். வீட்டுக்கு வந்து அம்மா பெட்டியைக் கட்டினாள்.

ஈஸ்டர் காலை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். கட்டிவைத்த பெட்டி நடுவில் கிடந்தது. அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அப்பா புதுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பலகையில் உட்கார்ந்து, புதிதாக ஒரு பால் டின்னை எடுத்தார். ஆணியை வைத்துக் கல்லால் தட்டி இரண்டு ஓட்டை போட்டார். ரொட்டியைத் தடித்த தடித்த துண்டாக வெட்டினார். முதல் துண்டின் மேல் பாலை ஊற்ற ஆரம்பித்தார். அது ஓரம் வரை பரவி வழிந்தது. வழிந்ததை விரலால் வழித்து நக்கிக்கொண்டார். பிறகு கடித்தார்.

அப்படி ஒருவர் சாப்பிட்டு அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தாடை மெதுவாக அசைந்தது. முழங்கால் தானாக ஆடியது. இரண்டாவது துண்டை எடுக்கும்போது நாங்கள் இருப்பதையே மறந்துபோய்விட்டார். மோவாயில் பால் வழிந்திருந்தது. ஏழு வயதுப் பிள்ளை நான், என்னைவிடச் சின்னப் பிள்ளையாக அவர் தெரிந்தார்.

அடுப்பங்கரை வாசலில் அம்மா விறகைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"ஏங்க" என்றாள். அப்பா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "இதையா விட்டிருந்தீங்க?"

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். "சொல்லக்கூடாதுல்ல."

"அப்ப சுருட்டு?"

"அத விட்டு எவ்ளோ வருசமாச்சு!"

"பொய்யில்லியா அப்ப? நெசமாவே ஒங்களுக்கு இது புடிக்குமா?"

"இதவிட என்னா இருக்கு?" என்றார் அப்பா. அவர் குரலில் ஆச்சரியம் இருந்தது. "வந்த புதுசுல சோறாக்கத் தெரியாது. சூள வேல முடிஞ்சி வந்தா கை நடுங்கும். ரொட்டியும் பாலும்தான். ஒங்களுக்கும் புடிக்கும்னு நெனச்சேன்."

அம்மா விறகைக் கீழே போட்டாள். வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கும் ஒண்ணு ஊத்துங்க" என்றாள். அப்பா ஊற்றினார். அம்மா அதை முழுவதும் தின்றாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை. அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் என் பக்கம் திரும்பி, "பாப்பா என்னா விட்டுச்சு?" என்று கேட்டார்.

"ரொட்டி" என்றேன்.

இரண்டு பேரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள். பிறகு அம்மா சிரித்தாள் பாருங்கள், வாயிலிருந்த ரொட்டி புரையேறி, அப்பா அவள் தலையில் தட்ட, அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்தார். பெட்டி அன்று மத்தியானமே அவிழ்க்கப்பட்டது. அடுத்த வாரம் கப்பல் நாங்கள் இல்லாமல் போயிற்று. எனக்குத் தயிர் போனதில் வருத்தம்தான், அதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் உங்களில் ஒருத்தியானேன். நெத்திலி சம்பல் இல்லாமல் சோறு இறங்காது என்கிற நிலைக்கு வந்தேன். தோட்டம் போய் வீடமைப்பு வந்தது. கொப்பரைச் சூளை இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க் நிற்கிறது. வருசந்தோறும் ஈஸ்டர் காலையில் மட்டும் எங்கள் வீட்டில் மாறாத ஒரு சடங்கு. பிரியாணி பிறகுதான், கேக் பிறகுதான். முதலில் அப்பா டின்னை உடைப்பார், இரண்டு துண்டு ரொட்டியில் பால் ஊற்றுவார். ஒன்று அவருக்கு, ஒன்று அம்மாவுக்கு. எதிரெதிரே உட்கார்ந்து தின்பார்கள். அப்பா இறந்த பிறகும் அம்மா அதை விடவில்லை. இரண்டு துண்டு வைப்பாள், இரண்டையும் தானே தின்பாள். ஊரையே மறந்துவிட்டாளே, இந்த ரொட்டி அவளை எப்படிப் பிடித்துக்கொண்டது என்று நான் நினைப்பதுண்டு.

அவளுடைய கடைசி ஈஸ்டர் அன்று நான்தான் பால் ஊற்றித் தட்டை மடியில் வைத்தேன். பல் இல்லை. ஊறிய ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா, பால் கெட்டுப்போச்சா?"

"கெடல. எனக்கு இது என்னைக்குமே புடிக்காதுடி."

"அப்புறம் ஏம்மா இத்தன வருசமா சாப்ட்ட?"

அவள் இன்னொரு துண்டைக் கிள்ளினாள். "அன்னைக்கு அவரு கண்ண மூடிக்கிட்டுத் தின்னாரு பாரு, அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சிது. இந்த மனுசன் இத்தன காலமா இத ஒண்டியா ஒக்காந்து தின்னிருக்காரு. இனிமே ஒண்டியா திங்க விடக்கூடாதுன்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

"இப்ப அப்பாதான் இல்லியே."

"அதான் அவரு துண்டையும் திங்கிறேன்" என்றாள்.

இப்போது அவளும் இல்லை. எனக்குச் சர்க்கரை. டின் பால் பக்கமே போகக் கூடாது என்று ரவாங்கிலிருந்து மகள் போனில் மிரட்டுகிறாள். இந்த ஈஸ்டர் காலையில் அவளுக்குப் பாக்டரியில் வேலை, வரமுடியவில்லை. நான் மட்டும் வீட்டில் இருந்தேன். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பை ரொட்டிதான், மெல்லிசு, மேல்தோல் கறுக்கவே இல்லை. நீங்கள் பார்த்தால் திட்டுவீர்கள். இரண்டு துண்டு வைத்து ஒரு ஸ்பூன் பால் மட்டும் ஊற்றினேன். அது முதல் நாள் போலவே மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதிரே நாற்காலி காலியாக இருந்தது. அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

அதனால்தான் கோப்பிக் கடையில் பேசாமல் இருந்தேன். அடுத்த ஈஸ்டர் காலையில் உங்களில் யாராவது ஒருவர் என் வீட்டுக்கு வாருங்கள். வேதக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை. ரொட்டி பிடிக்க வேண்டும் என்பதும் இல்லை. எதிரே உட்கார்ந்து ஒரு துண்டு தின்றால் போதும்.